உள்பக்கமா, வெளிப்பக்கமா

மேல வெச்சா நசுங்கிப் போயிருமுங்க அக்கா, மடியிலயே இருக்கட்டும். பொறந்த நாள் கேக்குங்க. நீங்க சித்தெ சன்னல் பக்கமா நகந்தீங்கன்னா போதும், நான் டப்பாவை நேராப் புடிச்சுக்குவேன். ஏறும்போதே கண்டக்டர் கேட்டாரு, ‘லக்கேஜாம்மா?’ன்னு. கேக்குக்கெல்லாம் லக்கேஜா, சொல்லுங்க.

என்ற மகளுக்குங்க. இன்னைக்கு அவளுக்குப் பத்தொம்பது முடியுது. மோனிஷா. ஊட்டுல மோனின்னு கூப்புடுவோம். சேலத்துல காலேஜ்ல சேந்து ஒரு மாசம் ஆச்சு, ஆஸ்டல்ல இருக்கறா. கேக்கு நானே பண்ணினதுங்க. ஒண்ணாவது பொறந்த நாள்ல இருந்து ஒரு வருசம் விட்டதில்ல. கடைக் கேக்கு எங்கூட்டுப் படி ஏறினதில்ல.

நீங்களும் சேலந்தானுங்களா? மகன் ஊட்டுக்கா. நல்லதுங்க. நீங்க அடிக்கடி தனியாப் போவீங்களாட்ட இருக்குது, பையைக் கால்ல அண்டக் குடுத்துட்டு நல்லா சாஞ்சு உக்காந்திருக்கறீங்க. எனக்குக் குமாரபாளையத்துல பஸ் ஏறறதுக்கே ரெண்டு பேருகிட்டக் கேக்க வேண்டியதாப் போச்சு. கல்யாணமாயி இருவத்தியோரு வருசம். தனியா பஸ்ஸேறினது இதோட மூணு தடவை. ஒண்ணு எங்கம்மா சாவுக்கு, இன்னொண்ணு கருமாதிக்கு. அப்பவும் அவரு பின்னாலயே வண்டியில வந்துட்டாரு.

இன்னைக்கு வரலைங்க. அவருக்குத் தெரியாது. மில்லுல சூப்பர்வைசரு, காலையில ஏழரைக்குப் போனா அஞ்சரைக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள நான் திரும்பிரோணும். ரெண்டு மணிக்கு பஸ்ஸேறினாக்கூடப் போயிரலாமில்லீங்க? மூணு மணிக்குன்னா? சரி, ரெண்டுக்கே ஏறிக்கறேன்.

நல்ல மனுசனுங்க, நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. குடி கெடயாது, சீட்டு கெடயாது. ஒரு நாளும் கை நீட்டினதில்ல. நமக்கு என்ன வேணும்னு நாம ரோசிக்கவே வேண்டியதில்ல, அவரே ரோசிச்சு முடிவு பண்ணிருவாரு. என்ற தங்கச்சியெல்லாம் சொல்லுவா, ‘அக்கா, உனக்கென்ன, ராணியாட்ட இருக்கற’ன்னு.

பொறந்த நாளுக்கும் அப்படித்தானுங்க. ஒரு வருசமும் அந்தப் புள்ளைக்குக் குறை வெச்சதில்ல. அஞ்சு வயசுல எவர்சில்வர் சொப்புச் சாமான். பத்து வயசுல சைக்கிளு, செவப்புக் கலரு. எங்கூட்டு முன்னால ரோட்டுல நூல் லாரி போறதும் வாறதுமா இருக்குமுங்க, அதனால காம்பவுண்டுக்குள்ளயே ஓட்டச் சொல்லிட்டாரு. ஊட்டை ஒரு சுத்து சுத்தறதுக்கு அறுவது மிதி. அவ எண்ணி எண்ணி வந்து எங்கிட்டச் சொல்லுவா. ரெண்டு வருசம் ஓட்டினா. ஊட்டைச் சுத்தித் தரையில வட்டமா ஒரு தடமே விழுந்துருச்சு, இப்பக்கூட அங்க புல்லு மொளைக்கறதில்ல.

அப்புறம் கைக்கடிகாரம். அப்புறம் போனு. சிம் போடாத போனுங்க, பாடம் மட்டும் பாக்கறதுக்கு. துணி நான் எடுக்கறதுதான். ரெண்டு சைஸ் பெருசாத்தான் எடுப்பேன். வளர்ற புள்ளையில்லீங்களா, இன்னைக்குப் புடிச்ச மாதிரி எடுத்தா நாளைக்குப் பத்தாது. அதுவுமில்லாம கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா யாரு கண்ணும் படாது. அவ போட்டுட்டுக் கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு, ‘அம்மா, இதுக்குள்ள நான் எங்க இருக்கறேன்?’னு கேப்பா. எனக்குச் சிரிப்பு தாங்காது. நல்லாப் பேசுவாளுங்க அவ. அப்பெல்லாம் நல்லாப் பேசுவா.

போன வருசப் பொறந்த நாளைத்தான் சொல்ல வந்தேன். பதினெட்டு.

பன்னெண்டாவதுல நல்ல மார்க்குங்க. ஆனா டாக்டர் படிப்புக்கு எழுதற பரிட்சையில கொஞ்சத்துல போயிருச்சு. ‘பரவால்ல, ஒரு வருசம் ஊட்டுல இருந்தே படிக்கட்டும். அடுத்த தடவை எடுத்துரலாம்’னாரு அவரு. கோச்சிங் கிளாசுக்கு வெளிய அனுப்பினா நாலு பேரோட பழக்கம், கவனம் செதறும். எங்க சொந்தத்துல ஒரு புள்ள அப்படிக் கிளாசுக்குப் போறேன்னு போயி எவனையோ கட்டிக்கிட்டா. அதுல இருந்து அவருக்கு மனசுல பயம். வெளிய சொல்லமாட்டாரு. ஆனா பயம்.

ஒரு ஞாயித்துக்கெழமை ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வந்து அவ ரூம்புத் தாழ்ப்பாளைக் கழட்டினாரு. கோவமாக் கழட்டலைங்க. ஃபேனைத் தொடைக்கற மாதிரி, அந்த வாரத்துல ஒரு வேலையாட்டக் கழட்டினாரு. நாலு ஸ்க்ரூ இருந்த ஓட்டையிலயும் மெழுகை உருக்கி ஊத்தி அடைச்சாரு. அவ்வளவு சுத்தமான மனுசன். ‘படிக்கற புள்ளைக்கு எதுக்குத் தாழ்ப்பாளு?’ன்னாரு. எனக்கும் அது செரின்னுதான் பட்டுது. உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு மயங்கிக் கியங்கி விழுந்துட்டா யாரு பாக்கறது?

எனக்கு என்ன வேலைன்னா, அரைமணி நேரத்துக்கு ஒருக்கா அவ ரூம்புக்குப் போகோணும். வெறுங்கையாப் போவனுங்களா? ஒருக்கா பாலு, ஒருக்கா நாலு பாதாம், ஒருக்கா கொய்யாப்பழம் நறுக்கி. கதவைத் தட்டறதில்ல. தட்டினா கவனம் கலைஞ்சிருமில்ல? கம்முனு தள்ளிட்டு உள்ள போயி, மேசையில வெச்சுட்டு, புஸ்தகம் தெறந்திருக்குதான்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துருவேன். சாயங்காலம் அவரு வந்ததும் கேப்பாரு. ‘காலையில நல்லாப் படிச்சா, மத்தியானம் சித்தெ சன்னலப் பாத்து உக்காந்திருந்தா’ன்னு உள்ளதைச் சொல்லுவேன். அதுக்குப் போயி ஒரு நாளு அவ, ‘அம்மா, நீங்க என்ன போலீஸா?’ன்னு கேட்டா. பாலு கொண்டுவர்ற போலீஸை நீ எங்கடி பாத்தேன்னேன்.

இது சங்கரிங்களா? பாதி வந்துட்டமா? அவ்வளவு சீக்கிரமா?

பொறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கறப்பக் கேட்டேன், ‘பதினெட்டு ஆகுது, என்ன கண்ணு வேணும்?’னு. புஸ்தகத்துல இருந்து தலையைக்கூட எடுக்கல. ‘தாழ்ப்பாளு’ன்னா.

நான் வெளையாட்டுன்னு நெனைச்சேன். ‘சுடிதாரா, கொலுசா, ஒழுங்காச் சொல்லு’ன்னேன். அப்பத்தான் நிமுந்து பாத்தா. ‘வெளையாட்டு இல்லம்மா. ஒரு தாழ்ப்பாளு, நாலு ஸ்க்ரூ. நானே மாட்டிக்குவேன். அப்பா ஊட்டுல இருக்கற நேரத்துல போடமாட்டேன், நீங்க கூப்புட்டா உடனே தெறந்துருவேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்’னா. ‘ஊட்டுக்குள்ள யாருகிட்ட இருந்துடி கதவைச் சாத்திக்கப்போற? நானும் அப்பாவுந்தான இருக்கறோம்’னேன். ‘ஆமாம்மா’ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசல.

மனசு கேக்கலைங்க. வியாழக்கெழமை சந்தைக்குப் போறப்ப இரும்புக் கடையில போயி நின்னேன். அந்தக் கடைக்குள்ள நான் போனதே இல்ல. கடைக்காரரு வயசானவரு, கண்ணாடியை எறக்கிவிட்டுக்கிட்டுப் பாத்தாரு. ‘ஒரு தாழ்ப்பாளு வேணுமுங்க’ன்னேன். அவரு நாலஞ்சு எடுத்துப் பலகை மேல போட்டாரு. பித்தளை, இரும்பு, சிறுசு, பெருசு. போட்டுட்டுக் கேட்டாரு, ‘உள்பக்கத்துக்கா, வெளிப்பக்கத்துக்காம்மா?’

அவரு சாதாரணமாத்தான் கேட்டாரு. வெளிப்பக்கம்னா பெருசு வேணும், பூட்டுப் போடற மாதிரி. உள்பக்கம்னா சிறுசு போதும். அதுக்காகக் கேட்டாரு. நான் பாட்டுக்கு நிக்கறேன். உள்பக்கத்துக்குன்னு சொன்னா, இந்த மனுசன் எங்கூட்டுக்காரர்கிட்டப் போயிச் சொல்லிருவாரோன்னு ஒரு நெனப்பு. அவருக்கு எங்கூட்டுக்காரரைத் தெரியவே தெரியாது, அது வேற. ‘அளவு பாத்துட்டு வர்றேனுங்க’ன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன். அடுத்த கடையில மேசை மேல வெக்கற லைட்டு ஒண்ணு வாங்கினேன். கழுத்தை வளைச்சு எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம். படிக்கற புள்ளைக்கு அது எவ்வளவு உபயோகம், சொல்லுங்க.

பொறந்த நாளன்னைக்கு மத்தியானம் கேக்கு போட உக்காந்தேன். எனக்கு ஓவன் எல்லாம் கெடயாதுங்க. பழைய அலுமினியக் குக்கருதான். கேஸ்கட்டைக் கழட்டிரோணும், வெயிட்டும் போடக்கூடாது. அடியில கல்லுப்பைப் பரப்பி, அதுக்கு மேல ஒரு தட்டைக் கவுத்து, அது மேல கேக்குப் பாத்திரம். முட்டையை நுரைக்க நுரைக்க அடிக்கோணும், மாவைப் போட்டதுக்கப்புறம் அடிக்கவே கூடாது, அப்படியே மடிச்சு மடிச்சுக் கலக்கோணும். அடுப்பைச் சிறுசா வெச்சு முக்கா மணி நேரம். முக்கியமா நடுவுல தெறந்து பாக்கக்கூடாதுங்க. எல்லாரும் அங்கதான் கெடுத்துக்கறாங்க. வெந்துதா, வெந்துதான்னு மூடியத் தெறந்தா, பொங்கி வர்ற கேக்கு பொசுக்குன்னு அமுங்கிப் போயிரும். அப்புறம் என்ன பண்ணினாலும் எந்திரிக்காது. தெறக்காம அது பாட்டுக்கு வேகட்டும்னு விட்டுரோணும்.

அன்னைக்கு அவளே வந்தா, ‘நானும் ஒத்தாசை பண்றேன்’னு. அரைமணி நேரந்தானேன்னு விட்டேன். முட்டையை அவதான் அடிச்சா. மூக்கு மேலெல்லாம் மாவு. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சா. நான் இந்த மூடியைத் தெறக்கக்கூடாதுங்கற கதையைச் சொன்னேன், வருசா வருசம் சொல்றதுதான். குக்கரையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, ‘கேக்குக்கு முக்கா மணி நேரம் குடுக்கறீங்களேம்மா’ன்னா. ஆமாடி, வேகோணுமில்லன்னேன். அவ மறுபடியும் சிரிச்சா. ஏன் சிரிச்சான்னு தெரியல, நானும் சிரிச்சேன்.

அப்புறம் மேடை மேல ஏறி உக்காந்துக்கிட்டுச் சொன்னா. ‘அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். உங்ககிட்ட மட்டும்.’

என்னன்னா, அவ கூடப் படிச்ச புள்ளையொண்ணு நோட்டு வாங்கறதுக்கு ஊட்டுக்கு வரும். அது போன்ல இருந்து சேலத்துல ஒரு காலேஜுக்கு அப்ளிகேசன் போட்டிருக்கறா. எதுக்குத் தெரியுங்களா? கல்லு, மண்ணு, பாறை இதைப் பத்திப் படிக்கறதுக்கு. அதுக்குன்னு ஒரு படிப்பே இருக்குதாமுங்க. மூணு வருசம். ‘கல்லுல படிக்கறதுக்கு என்னடி இருக்குது?’ன்னேன். அவ சொன்னா பாருங்க, நம்ம காவேரிக் கரையில கெடக்கற பாறையெல்லாம் கோடிக்கணக்கான வருசம் பழசாம். சேலத்துல வெள்ளைக்கல்லு எடுக்கற மலை எப்படி வந்துதுன்னு சொன்னா. பூமிக்குள்ள எத்தனையோ ஆழத்துல கொதிச்சு, அமுங்கி, மேல வர்றதுக்கு வழி தேடித் தேடி… எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அவ மொகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நான் பெத்த புள்ளைதானான்னு இருந்துச்சு. கண்ணு ரெண்டும் அப்படி.

‘எடம் கெடைச்சிருச்சும்மா. திங்கக்கெழமைக்குள்ள போயிச் சேரோணும். மார்க் ஷீட்டும் டி.சி.யும் அப்பா பீரோவுல இருக்குது. சாவி உங்ககிட்டத்தான இருக்குது. எடுத்து மட்டும் குடுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். பேசிட்டு, அவரு வேண்டாம்னு சொன்னாலும் போவேன். எனக்குப் பதினெட்டு ஆயிருச்சு. ஆனா பேப்பரு கையில இல்லாமப் பேச முடியாதும்மா.’ அப்படீன்னா. ‘எனக்கு வேற கிஃப்டே வேண்டாம்.’

நான் ‘சரி, பாக்கலாம்’னு சொன்னேன்.

அவ எந்திரிச்சு வந்து என்ற தோள்ல மொகத்தை வெச்சுக்கிட்டா. வெண்ணிலா எசன்ஸு வாசம். பதினெட்டு வயசுப் புள்ளைங்க. அப்படி வெச்சு எத்தனை வருசம் ஆச்சோ.

கேக்கை எறக்கி, ஈர்க்குச்சியால குத்திப் பாத்தேன். ஒட்டாம வந்துச்சு. இதுவரைக்கும் நான் போட்டதுலயே அன்னைக்குப் போட்டதுதான் நல்ல கேக்கு.

அஞ்சரைக்கு அவரு வந்தாரு. செருப்பைக்கூடக் கழட்டலைங்க. நான் சொல்லிட்டேன்.

இல்ல, நீங்க அப்படிப் பாக்காதீங்க அக்கா. வேணும்னு சொல்லல. அவரு வண்டிச் சத்தம் கேட்டதும் கால் தானா வாசலுக்குப் போயிருச்சு. நாளைக்கு அவருக்குத் தானாத் தெரிஞ்சா, ‘உனக்குத் தெரிஞ்சுதான் நடந்துதா?’ன்னு கேப்பாரு. அந்தக் கேள்வியை என்னால தாங்க முடியாது. அவரு சத்தம் போட்டாக்கூடப் பரவால்ல. கேட்டுட்டு அப்படியே பாப்பாரு. இருவத்தியோரு வருசமா அவரு மொகத்துக்கு நேரா நான் எதையும் மறைச்சதில்ல. மறைக்கத் தெரியாது. கட்டின புருசன்கிட்ட மறைக்கறது நல்ல பழக்கமா, நீங்களே சொல்லுங்க. அதுவுமில்லாம எப்படியும் அவளே பேசப்போறேன்னு சொன்னா. நான் சித்தெ முன்னால சொன்னேன். அவ்வளவுதான வித்தியாசம்?

அவரு எங்கிட்டச் சாவியை வாங்கிப் பீரோவைத் தெறந்து அவ மார்க் ஷீட்டும் டி.சி.யும் இருந்த பச்சை ஃபைலை எடுத்தாரு. வண்டியை எடுத்துட்டுத் திரும்ப மில்லுக்கே போனாரு. அங்க அவருக்குன்னு ஒரு இரும்பு அலமாரி இருக்குது, அதுல வெச்சுப் பூட்டிட்டு வந்தாரு. வந்து கைகால் கழுவிட்டு, ‘கேக்கு வெட்டலாமா?’ன்னாரு. சட்டை கூட மாத்திக்கிட்டாரு. அவருக்கு மக மேல அம்புட்டுப் பிரியம்.

மோனி எல்லாத்தையும் அவ ரூம்பு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. மொகம் கழுவி, நான் எடுத்த சுடிதாரைப் போட்டுக்கிட்டு வந்தா. மெழுகுவத்தியை ஊதினா. வெட்டினா. அப்பாவுக்கு ஒரு வாயி. எனக்கு ஒரு வாயி ஊட்டிவிட்டா. ‘நல்லா வந்திருக்குதும்மா’ன்னா. கோவமே இல்லைங்க. ஒரு சொல்லு சொல்லல, அழுகல, ஏன்னு கேக்கல. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. புள்ளை புரிஞ்சுக்கிட்டான்னு நெனைச்சேன். நல்ல மனசு அவளுக்கு.

அதுக்கப்புறம் வருசம் முச்சூடும் அவ ஒரு தொந்தரவும் பண்ணல. காலையில அஞ்சுக்கு எந்திரிப்பா. நான் எப்பப் போனாலும் புஸ்தகம் தெறந்துதான் இருக்கும். சன்னலைக்கூடப் பாக்கறதில்ல. கேட்டா பதிலு, இல்லாட்டி இல்ல. ‘பாத்தயா, ஒழுங்காயிட்டா’ன்னாரு அவரு. நானுந்தான் சந்தோசப்பட்டேன். முன்னெல்லாம் எங்க போனாலும் கல்லு பொறுக்கிட்டு வருவா, அதெல்லாம் விட்டுட்டா. சன்னல் மேல வரிசையா அடுக்கி வெச்சிருந்ததை ஒரு நாளு மொறத்துல அள்ளிட்டுப் போயிக் கொல்லையில கொட்டிட்டா.

மே மாசம் பரிட்சைங்க. ஈரோட்டுல சென்டரு. அவருதான் கூட்டிக்கிட்டுப் போனாரு. என்ன வெயிலு. கேட்டுக்கு வெளிய மூணு மணி நேரத்துக்கு மேல நின்னிருக்கறாரு, கையில தண்ணி பாட்டிலும் ஈரத் துண்டும் வெச்சுக்கிட்டு. பக்கத்துல நெழலு இருந்துதாம், அங்க போனா அவ வெளிய வர்றப்பத் தேடுவாள்னு போகல. நான் ஊட்டுல பச்சைத் தண்ணி குடிக்கல. வெளிய வந்து, ‘நல்லா இருந்துச்சுப்பா’ன்னாளாம். சிரிச்ச மொகமா வந்தாளாம். வர்ற வழியில கரும்புச் சாறு வாங்கிக் குடுத்திருக்கறாரு, ரெண்டு டம்ளரு குடிச்சாளாம்.

ரிசல்ட் வந்தன்னைக்கு அவரு போனைப் பாத்தாரு. கண்ணாடியைத் தொடைச்சுட்டு மறுபடி பாத்தாரு. சைபருங்க. பூச்சியம். மிசின் தப்புன்னாரு. நாலு பேருக்குப் போன் போட்டாரு. அதுக்குள்ள அவளே வந்து சொன்னா, ‘மிசின் தப்பில்லப்பா. நான் எழுதல. ஒரு வட்டத்தைக்கூடக் கறுப்பாக்கல’ன்னு.

‘பின்ன மூணு மணி நேரம் உள்ள என்னதான் பண்ணின?’ன்னு நான் கேட்டேன். அவ என்னையப் பாத்துச் சொன்னா, ‘சும்மா உக்காந்திருந்தேம்மா. அங்க யாருமே உள்ள வரல’ன்னு.

பரிட்சை ஹாலுக்குள்ள யாரு வருவாங்க, சொல்லுங்க? இது ஒரு பேச்சா? எனக்கு இன்னிக்கி வரைக்கும் வெளங்கல. ஆனா இதைச் சொன்னப்ப, அவரு நாற்காலியில அப்படியே உக்காந்துட்டாரு. மறுநாள் மில்லுக்குப் போகல. அதுக்கு மறுநாளும் போகல. இருவத்தாறு வருசத்துல தனக்குன்னு ஒரு லீவு போடாத மனுசன். ரெண்டாவது நாள் சாயங்காலம் அவரு கிட்டப் போயி நின்னா. ‘அடுத்த வருசமும் எழுதச் சொன்னா எழுதறேன்ப்பா. இதே மாதிரி எழுதறேன்’னா. அடங்கின கொரலு. மரியாதையாத்தான் சொன்னா.

மூணாம் நாளு மில்லுக்குப் போயிட்டு வந்து ஃபைலைச் சாப்பாட்டு மேசை மேல வெச்சாரு. ‘போறவ போகலாம். ஆனா இந்த ஊட்டுல இருந்து யாரும் பின்னால போகக்கூடாது, பேசக்கூடாது’ன்னாரு. யாருன்னா நாந்தான். வேற யாரு இருக்கறாங்க? அவளே திரும்ப அப்ளிகேசன் போட்டா. அதே காலேஜு, அதே கல்லுப் படிப்பு. ஒத்தப் பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பினா. நான் வாசக் கேட்டு வரைக்கும் போனேன். ‘அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாமப் போறயே கண்ணு’ன்னேன். ‘சொல்றதுக்கு ஒண்ணுமில்லம்மா. நீங்க உடம்பைப் பாத்துக்கங்க’ன்னு சொல்லிட்டு, காலண்டர் தாள்ல ஒரு நம்பரை எழுதிக் கையில குடுத்தா. அது ஒண்ணை மட்டும் நான் அவருகிட்டச் சொல்லல. கடுகு டப்பாவுல வெச்சிருக்கறேன். மனப்பாடமே ஆயிருச்சு.

இல்லைங்க, ஒரு தடவைகூடக் கூப்புடல. என்ற போனை அவரு சாயங்காலம் வாங்கிப் பாப்பாரு. சந்தேகத்துலயில்ல, பழக்கம்.

இது மகுடஞ்சாவடிங்களா? அப்ப இன்னும் சித்தெ நேரந்தான்.

இந்த வருசம் என்ன வாங்கறதுன்னு பத்து நாளா ரோசனை. என்ன புடிக்கும்னே தெரியலைங்க எனக்கு. அவளுக்கு அளவு என்னன்னுகூடத் தெரியல, எந்நேரமும் பெருசாவே எடுத்துப் பழகிட்டேன். கடைசியில ஒண்ணும் எடுக்கல. கேக்கு போதும்னு வந்துட்டேன். ஆஸ்டலு எங்க இருக்குதுன்னு தெரியாது. காலேஜுக் கேட்டுல போயி நின்னா யாராச்சும் சொல்லமாட்டாங்களா? பேரைச் சொல்லி, இந்த மாதிரி, கல்லுப் படிக்கற புள்ளைன்னா…

உங்க போன்ல ஒரு தடவை கூப்புடலாமுங்களா? தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்களே போட்டுக் குடுங்க, நான் நம்பரு சொல்றேன். …ஆமுங்க. அடிக்குது.

மோனி? அம்மா பேசறேன் கண்ணு. அம்மாதான். இது ஒரு அக்கா போனு. பொறந்த நாளு கண்ணு இன்னைக்கு. சாப்டியா? …எங்க இருக்கற, ஒரே காத்துச் சத்தமா இருக்குது? …வெளியிலயா? வெளியிலன்னா எங்க? …இல்லயில்ல, சும்மாதான் கேட்டேன். சொல்ல வேண்டாம். …கேக்கு வெட்டினீங்களா? எல்லாரும் சேந்தா? நல்லது கண்ணு. …நானா? நான் எங்க போறேன், ஊட்டுலதான் இருக்கறேன். …பஸ்ஸா? இல்ல கண்ணு. டி.வி. ஓடுது. …ஆமா, டி.வி.தான். …அப்பாகிட்டச் சொல்லமாட்டேன். நான் பேசினதைச் சொல்லவே மாட்டேன். …மோனி?

வெச்சுட்டா.

இந்தாங்க அக்கா, உங்க போனு.

சேலம் வந்தாச்சு, சாமானெல்லாம் எடுத்துக்கங்கன்னு கண்டக்டரு கத்தினாரில்ல, அது அவளுக்குக் கேட்டிருச்சுங்க. ‘அம்மா, பஸ்ல வர்றீங்களா?’ன்னு கேட்டா. அந்தக் கொரலு அப்படியே சின்னப் புள்ளையில கேட்ட மாதிரி இருந்துச்சு. நான் ஆமான்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். டி.வி.ன்னு வந்துருச்சு. அந்த வாயி எப்படி அப்படிச் சொல்லுச்சுன்னு தெரியலைங்க.

சினேகிதப் புள்ளைங்களோட எங்கயோ மலைப் பக்கம் வந்திருக்கறா. கடையில கேக்கு வாங்கிட்டுப் போயி, பாறை மேல வெச்சு வெட்டினாங்களாம். கூட ஒரே சிரிப்புச் சத்தம். எந்த மலைன்னு சொல்லல. நான் அப்பாகிட்டச் சொல்லமாட்டேன்னு சொன்னேன் பாருங்க, அவ ஒண்ணும் அதைக் கேக்கவேயில்ல, நானாத்தான் சொன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுங்களா? ‘சொல்லுவீங்கம்மா. பரவால்ல, சொல்லிக்கங்க’ன்னா. கோவமாச் சொல்லலைங்க. கோவமாச் சொல்லியிருந்தாலாவது…

அஞ்சரைக்கு அவரு வண்டிச் சத்தம் கேக்கும். அப்ப நான் சேலத்துல இருந்தா அவருகிட்ட என்னத்தைச் சொல்றது?

நீங்க எறங்குங்க அக்கா, மகன் வந்து நிப்பாரு. இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. இல்லைங்க, கூச்சப்படாதீங்க, பேரப்புள்ளைங்க இருக்குமில்ல. நல்ல கேக்கு, நாளைக்கு வரைக்கும் தாங்கும். மேல மோனின்னு எழுதியிருக்கறேன். கரண்டியால லேசா வழிச்சு எடுத்துட்டீங்கன்னா, யாருக்கு வேணும்னாலும் ஆகும்.

போறப்ப கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா, இதே பஸ்ஸு எத்தனை மணிக்குத் திரும்புதுன்னு? நான் எறங்கலைங்க. எறங்கினா சீட்டு போயிரும்.